கவலைப்படற மாதிரி ஒண்ணுமில்லீங்க

ஊரில் ஒருத்தர்கூட என்னோடு சண்டைக்கு வருவதில்லை என்பது எனக்கு உறைத்தபோது மார்கழி பிறந்துவிட்டிருந்தது.

என் பெயர் சுகுணா. திருப்பூருக்கும் காங்கேயத்துக்கும் நடுவில் ஒரு சின்ன ஊரில் மாவு மில் வைத்திருக்கிறேன். மில் ஓடுகிறபோது பேச வேண்டுமென்றால் கத்தத்தான் வேண்டும். கத்திக் கத்திப் பழகி, மோட்டாரை நிறுத்தின பிறகும் என் தொண்டை நிற்காது. என்னிடம் வாயைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்தவர்கள் குறைவு. பெருமைக்குச் சொல்லவில்லை, ஊரறிந்த சங்கதி.

அப்படிப்பட்டவளிடம் எதிர்வீட்டு ஜோதிமணி மிளகாய்ப்பொடியை வாங்கி, விரலில் தேய்த்துப் பார்த்து, "நல்லா நைசா இருக்குதுங்க்கா" என்றாள். ஜோதிமணிக்கு நான் அரைத்த எதுவும் எந்தக் காலத்திலும் நைசாக இருந்ததில்லை. கொரகொர என்கிறது, சூடேறிப் போச்சு, முன்னால் அரைத்தவருடைய மல்லி கலந்துவிட்டது என்று ஏதாவது ஒன்று சொல்லாமல் டப்பாவைத் தூக்க மாட்டாள். அன்றைக்குப் பொடி உண்மையிலேயே கொரகொரப்பு. சல்லடை கிழிந்திருந்தது எனக்கே தெரியும்.

"என்ன அம்மிணி, கண்ணு கிண்ணு மங்கிப் போச்சா?" என்று வம்புக்கு இழுத்தேன். அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்தது நாத்தனார். கிணற்றுத் தண்ணீர் முறையில் தகராறாகி என்னோடு பேச்சை விட்டவள். அவள் ஒரு தூக்குப்போசி நிறையக் வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டு எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். "நீங்க செரியா சாப்பிடறதில்லையாமா, அண்ணன் சொல்லுச்சு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். கையைப் பிடிக்கிற சாதியா அவள்!

வீட்டுக்காரர் இருக்கிறாரே, மோகனசுந்தரம், அவர் சாது. ஆனால் சோற்று விஷயத்தில் மட்டும் வாய் திறப்பார். உப்புக் குறைந்தால் கிண்ணத்தைத் தள்ளி வைப்பார். சந்தேகம் தட்டி, ஒரு நாள் வேண்டுமென்றே உப்பே போடாமல் ரசம் வைத்தேன். இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு, "இன்னிக்கு ரசம் ஜோரு" என்றார்.

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. எங்கள் ஊரில் ஒருத்தரிடம் எல்லோரும் இப்படி நடந்துகொண்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அந்த அர்த்தத்தை நாங்களே கையைத் தூக்கிக் கொண்டுவந்தோம். அதைச் சொன்னால்தான் மீதி புரியும்.

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் டாக்டர் கிடையாது. வருகிற டாக்டர்கள் எல்லாம் மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடிப் போனதால், கடைசியில் அரசாங்கம் ஒரு பொட்டியைக் கொண்டுவந்து வைத்தது. அதற்குப் பெரிய பெயர் ஒன்று உண்டு. நாங்கள் பொட்டி என்றுதான் சொல்வோம். நாற்காலியில் உட்கார்ந்து கையைப் பட்டைக்குள் விட்டால் போதும், ரத்தம் முதல் குடல் வரை பார்த்துவிடும். ஊசி போட, கட்டுக் கட்ட அனிதா என்று ஒரு நர்ஸ் மட்டும் மனுஷி.

பொட்டியில் ஒரு விசேஷம் இருந்தது. அது எப்படிப் பேச வேண்டும், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை அந்தந்த ஊர் நோயாளிகளே முடிவு செய்யலாம். மருந்து விஷயத்தில் நாங்கள் கை வைக்க முடியாது. பேச்சும் பழக்கமும் எங்கள் பொறுப்பு. அதற்கு நோயாளர் குழு என்று ஒன்று. ஆஸ்பத்திரி கார்டு வைத்திருக்கிற யார் வேண்டுமானாலும் கூட்டத்துக்கு வந்து கை தூக்கலாம். தூக்குகிற கை அதிகமானால் மறுநாள் காலையிலிருந்து பொட்டி அப்படியே நடக்கும். பக்கத்து ஊர்க்காரர்கள், குடித்துவிட்டு வருகிறவனைப் பொட்டி வைய வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அது வைகிற வசவைக் கேட்பதற்கென்றே கொஞ்ச நாள் அங்கே கூட்டம் போனது.

எங்கள் குழுவும் முதலில் நல்ல காரியம்தான் செய்தது. அச்சடித்த தமிழில் பேசிக்கொண்டிருந்த பொட்டியை எங்களைப் போலப் பேச வைத்தோம். வராந்தாவில் நோயின் பெயரைச் சத்தமாகச் சொல்லக் கூடாது என்றோம். பொம்பளைகளைப் பார்க்கிறபோது ஆம்பளைகள் வெளியே நிற்க வேண்டும் என்றோம். எல்லாவற்றுக்கும் நான் ஒரு பக்கம் கத்துவேன், குழுத் தலைவர் ரத்தினசாமி ஒரு பக்கம் கத்துவார். அவர் பஞ்சாலையில் சூப்பர்வைசராக இருந்தவர், எனக்குச் சமமான தொண்டை. காரியம் நடந்தது.

பிறகு ரத்தினசாமியின் தம்பி தங்கவேலுக்கு நுரையீரலில் நோய் வந்தது. பொட்டி அவரிடமே நேராகச் சொல்லிவிட்டது. வைத்தியம் இருக்கிறது, உடனே போங்கள் என்றும் சொன்னது. தங்கவேல் முதல் பாதியை மட்டும் கேட்டார். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தவர் சோறு தண்ணீர் தொடவில்லை. வைத்தியத்துக்குத் தேதி வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

காரியமெல்லாம் முடிந்து கூடிய கூட்டத்தில் ரத்தினசாமி எழுந்து நின்றார். அன்றைக்கு அவர் கத்தவில்லை.

"என்ற தம்பி நோவுல சாகலீங்க. சேதியில செத்தான். மூஞ்சிக்கு நேராச் சொன்னா மனுசன் தாங்குவானுங்களா? எங்ககிட்டச் சொல்லியிருந்தா ஒண்ணுமில்ல வாடான்னு கூட்டீட்டுப் போயி வைத்தியம் பாத்திருப்பமுங்க. இனிமே கெட்ட சேதி எதா இருந்தாலும் நோயாளிகிட்டச் சொல்லக் கூடாது. கூட வந்த ஊட்டுக்காரங்ககிட்டத்தான் சொல்லோணும். என்ன வைத்தியம், பாக்கறதா வேண்டாமாங்கறதும் அவிய முடிவு."

அவர் சொன்னதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பொட்டி வருவதற்கு முன்னால் இருந்த டாக்டர்களிடமும் நாங்கள் இதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தோம்? நோயாளியை வெளியே உட்கார வைத்துவிட்டு, "அவருகிட்டச் சொல்லீராதீங்க டாக்டர்" என்று காதைக் கடிக்காத குடும்பம் எது? ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை.

"இது என்னங்க அநியாயம்? என்ற ஒடம்புல ஒண்ணுன்னா மொதல்ல எனக்குச் சொல்லோணுமா, என்ற நாத்தனாளுக்குச் சொல்லோணுமா?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் எதற்கெடுத்தாலும் எதிர்ப்பவள் என்பதால் அதையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.

சிரிக்காதது பொட்டி மட்டும்தான். "ஒரு சந்தேகமுங்க" என்றது. "நோயாளியே நேராக் கேட்டா நான் என்னங்க சொல்றது?"

"கவலைப்படற மாதிரி ஒண்ணுமில்லீங்கன்னு சொல்லு" என்றார் ரத்தினசாமி.

"அது பொய்யாப் போயிருமுங்களே."

"பொய்யில்ல. ஆறுதலு."

"அப்படின்னா ஒடம்பு நல்லா இருக்கறவங்களுக்கும் அதே வார்த்தையத்தான் சொல்லோணுமுங்க. இல்லாட்டி வித்தியாசத்துல தெரிஞ்சு போயிருமுங்க. அதே மாதிரி கூட வந்தவங்களையும், சேதி இருந்தாலும் இல்லாட்டியும், நான் தனியாக் கூப்பிடோணுமுங்க."

"அப்படியே பண்ணு."

"நாளைக்கு நீங்களே நோயாளியா வந்து உக்காந்தாலும் இதே மொறைதானுங்களா?"

ஆமாம் ஆமாம் என்றார்கள். அவரவர் மனதில் அப்போது இருந்தது படுத்திருக்கிற மாமனார், பயந்தாங்கொள்ளிப் பெண்டாட்டி, இளகின மனசுள்ள அண்ணன். தன்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்து யாரும் பார்க்கவில்லை. கை தூக்கினார்கள். தூக்காதது நான் ஒருத்தி.

அதற்குப் பிறகு ஊர் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பொட்டி என்ன சொல்கிறது என்று கேட்பதை நிறுத்திவிட்டார்கள், சளிக்கும் சாவுக்கும் ஒரே வார்த்தை என்றால் யார் கேட்பார்கள்? கூட வந்தவர் அறையை விட்டு வெளியே வருகிறபோது அவர் மூஞ்சியைப் படித்தார்கள். மூஞ்சியில் எதுவும் தெரியாமல் வெளியே வருவதற்கு ஆட்கள் பழகினார்கள். சிலர் கூட யாரையும் அழைத்து வராமல் தனியாக வந்தார்கள், அவர்களுடைய சேதியை அனிதா சுமந்துகொண்டு வீடு தேடிப் போனாள். திடீரென்று மாமியார் அன்பாகப் பேசினால் மருமகளுக்கு நெஞ்சு படபடத்தது. ஆனால் பொட்டி மேல் புகார் வருவது நின்றது. நோயாளிகள் திருப்தியோடு வீடு திரும்புகிற ஊர் என்று எங்களுக்குப் பாராட்டுக் கடிதம்கூட வந்தது.

ஆடியில் எனக்கு வயிறு சரியில்லாமல் போனது. தின்றது ஒட்டவில்லை, ஆள் இளைத்துக்கொண்டே வந்தேன். பொட்டி பார்த்தது, படம் எடுத்தது, மாத்திரை கொடுத்தது. அதன் வார்த்தையைச் சொன்னது. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டது. அவர் வெளியே வந்ததும் நான் மூஞ்சியைப் பார்ப்பதற்குள் குழாயடிக்குப் போய்த் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டார். "என்ன வெயிலு!" என்றார். ஆடிக் காற்றில் ஊரே மணல் தின்றுகொண்டிருந்தது, வெயிலாம். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது மார்கழியில் உட்கார்ந்து, ஜோதிமணியையும் கச்சாயத்தையும் உப்பில்லாத ரசத்தையும் சேர்த்துப் பார்த்தபோது எல்லாம் புரிகிற மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது. அது சும்மா என் பிரமையாகக்கூட இருக்கலாமல்லவா? வயசானால் ஜோதிமணிக்கும் புத்தி வரக்கூடாதா?

வீட்டுக்காரரை நேராகக் கேட்டேன்.

"ஏனுங்க, எனக்கு என்ன?"

"உனக்கென்ன, நல்லாத்தான இருக்கறே."

"என்ற தலை மேல கை வெச்சுச் சொல்லுங்க."

"போ சுகுணா, வேலையப் பாரு" என்று எழுந்து போனார். மில்லுக்குள் போய் நிறுத்தி வைத்திருந்த மோட்டாரைக் கழற்றி உட்கார்ந்துகொண்டார். அந்த மோட்டாருக்கு ஒரு கோளாறும் கிடையாது.

பொட்டியிடம் போய் உட்கார்ந்தேன். "இங்க பாரு. நான் பயந்து சாகற ஆளில்ல. என்னன்னு சொல்லீரு" என்றேன்.

"கவலைப்படற மாதிரி ஒண்ணுமில்லீங்க."

"கூட வந்த ஆளு நானேதான்னு எழுதிக்கோ. சுகுணாவுக்கு ஊட்டுக்காரி சுகுணா. இப்பொ என்கிட்டச் சொல்லு."

"குழு அப்படி முடிவு பண்ணலீங்களே" என்றது. அதன் குரலில் வருத்தம் இருந்த மாதிரி எனக்குத் தோன்றியது. வருத்தப்படுகிற மாதிரி பேசச் சொன்னதும் நாங்கள்தான், அதை நம்பி என்ன பண்ணுவது?

விட்டுவிடுவேனா? பஸ் ஏறி டவுனுக்குப் போய், ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தேன். அங்கிருந்த பொட்டி வாட்டசாட்டமாக, சுத்தமான தமிழில், "வணக்கம், உங்கள் அட்டையை வையுங்கள்" என்றது. வைத்தேன். என் விவரத்தை எல்லாம் வாசித்தது. வாசித்துவிட்டு, அவ்வளவு நேரம் நாடகம் மாதிரி பேசிக்கொண்டிருந்தது, அப்படியே எங்கள் ஊர்ப் பேச்சுக்கு மாறி, "கவலைப்படற மாதிரி ஒண்ணுமில்லீங்க" என்றது. எங்கள் ஊர் விதி என் கார்டோடு ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது. அடப் பாவிகளா என்று அங்கேயே வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்தில் நின்ற வாட்ச்மேன் பயந்துபோனான்.

பிறகு ஒரே வழிதான். தை பிறந்ததும் நடந்த குழுக் கூட்டத்தில், அந்த விதியை எடுக்க வேண்டும் என்று தீர்மானம் கொடுத்தேன்.

சாதாரணமாகக் கூட்டத்துக்கு வருவது நாங்கள் ஒரு பத்துப் பேர். அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தா நிரம்பிவிட்டது. ஜோதிமணி வந்திருந்தாள். நாத்தனார் வந்திருந்தாள். கூட்டம் என்றாலே காத தூரம் ஓடுகிற என் வீட்டுக்காரரும் கடைசி வரிசையில் தூணை ஒட்டி உட்கார்ந்திருந்தார். எனக்குத் துணைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து, சொன்னால் வெட்கக்கேடு, எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

எழுந்து பேசினேன். "எனக்கு நோவு இருக்குதா இல்லையான்னு எனக்குத் தெரியல. உங்களுக்குத் தெரியும்னு நெனைக்கறேன். எதுத்தாப்புல நின்னு சண்டை போட்டவங்கெல்லாம் பல்லக் காட்டறீங்க. எனக்கு உங்க பாசம் வேண்டாம். என்ற ஒடம்புல என்ன இருக்குதுன்னு எனக்குச் சொல்லோணும். அதுக்கு என்ன பண்றதுன்னு நான் சொல்லோணும். அவ்வளவுதான்."

ரத்தினசாமி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். மூன்று மாதமாக நான் எதைச் சொன்னாலும் "அம்மிணி சொல்றது செரி" என்று தலையாட்டிக்கொண்டிருந்த மனிதர், அன்றைக்குத் தலையை ஆட்டவில்லை.

பொட்டி பேச அனுமதி கேட்டது. "கை தூக்கறதுக்கு முன்னால ரெண்டே கேள்விங்க. உங்க உங்க போன்ல வரும். யாரு என்ன அமுக்குனாங்கன்னு யாருக்கும் தெரியாதுங்க."

முதல் கேள்வி வந்தது. உங்களுக்கு ஒரு கெட்ட நோய் வந்தால் உங்களிடம் சொல்ல வேண்டுமா? வேண்டும் என்று அமுக்கினேன், போன் உடைகிற மாதிரி.

இரண்டாவது கேள்வி அவரவர் வீட்டு ஆளின் பெயரோடு வந்தது. என் போனில் இப்படி: மோகனசுந்தரத்துக்கு அப்படி ஒரு நோய் வந்தால் அவரிடம் சொல்லலாமா?

நான் திரும்பிப் பார்த்தேன். தூணோரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு, எதை அமுக்குவது என்று தெரியாத மாதிரி விழித்துக்கொண்டிருந்தார். ஆட்டுக்குட்டி செத்தாலே இரண்டு நாள் சாப்பிடாத மனுஷன். இவர் எப்படித் தாங்குவார்? இவர் கதை வேறு, இவருக்கு நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்வேன் என்று நினைத்துக்கொண்டே 'வேண்டாம்' என்பதை அமுக்கிவிட்டேன். அமுக்கின பிறகுதான் விரல் சுட்டது.

"எல்லாரும் அமுக்கீட்டீங்க" என்றது பொட்டி. "இங்க இருக்கற அத்தனை பேரும் தங்களுக்குச் சொல்லோணும்னு கேட்டிருக்கறீங்க. ஊட்டுல இருக்கறவங்களுக்குச் சொல்லலாம்னு ஒருத்தர்கூடச் சொல்லலீங்க. ரெண்டும் ஒண்ணா நடக்காதுங்க. யாரு சொல்றத நான் கேக்கட்டுங்க?"

எவ்வளவு சுத்தமாகக் கேட்டுவிட்டது! இதற்கு மேல் என்ன வேண்டும்? நான் துள்ளி எழுந்தேன்.

"பாத்தீங்களா? உங்களுக்குன்னா சொல்லோணும், அடுத்தவங்களுக்குன்னா சொல்லக் கூடாது! இது என்ன நாயம்? இப்பத்தான அமுக்குனீங்க, அந்தச் சூடு ஆறல. யோசிச்சுப் பாருங்க!"

யோசித்தார்கள். அதை நான் மறுக்க மாட்டேன். ஒவ்வொருத்தரும் தலையைக் குனிந்துகொண்டு யோசித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த புருஷனை, அம்மாவை, மகளை ஓரக்கண்ணால் பார்த்தார்கள். எத்தனை பேர் எத்தனை பேருடைய சேதியை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களோ! விதியை எடுத்தால் நாளைக் காலையில் பொட்டி அத்தனையையும் அவிழ்த்துவிடும்.

ரத்தினசாமி எழுந்தார். என்னைப் பார்க்காமல், என் பின்னால் இருந்த சுவரைப் பார்த்துப் பேசினார். "நோவு வந்தவங்களுக்குத் தன் நல்லது தெரியாதுங்க. ஊட்டுக்காரங்க சொல்றபடியே இருக்கட்டும். பழைய மொறையே தொடரோணுங்கறவங்க கை தூக்குங்க."

கைகள் எழுந்தன. ஜோதிமணி அழுதுகொண்டே தூக்கினாள். நாத்தனார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தூக்கினாள். மூன்று மாதமாக என்னை ஒரு வார்த்தை எதிர்க்காத ஊர், அன்றைக்கு மொத்தமாக எதிர்த்தது. அதுவரைக்கும்கூட, எல்லாம் என் பிரமைதானோ என்று எனக்கு ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது.

அப்புறம் தூணைப் பார்த்தேன். மோகனசுந்தரம் கையைத் தூக்கியிருந்தார். முழுசாகக்கூடத் தூக்கவில்லை, காதளவுக்குத்தான். இன்னொரு கையால் கண்ணை மறைத்திருந்தார்.

என் நோய் எனக்குத் தெரிந்தது இப்படித்தான். டாக்டர் சொல்லவில்லை, பொட்டி சொல்லவில்லை, கட்டின புருஷன் ஒரு கையைத் தூக்கிச் சொன்னார்.

அவரைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடியில் பைக்கை நிறுத்தியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எப்பொத் தெரியும்?"

"ஆடியில."

"என்ன நோவு?"

"குடல்ல கட்டி." அந்த வார்த்தையைச் சொல்வதற்குள் அவர் படாத பாடு பட்டார்.

"அறுத்து எடுக்க முடியாதா?"

"அப்பொ எடுத்திருக்கலாம்னுச்சு."

"அப்பொன்னா?"

"ஆடியில. இப்பொ ஈரலுக்குப் பரவிப் போச்சாம். இனி ஆகாதாம்."

எனக்குக் காதுக்குள் மில் ஓடுகிற மாதிரி இருந்தது. "ஆடியில ஏன் எடுக்கல?"

அவர் பைக் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே துடைத்தார். "எடுத்தா வவுத்துல ஓட்டை போட்டு ஒரு பை வெக்கோணுமாம். வெளிக்கிப் போறதெல்லாம் அதுலதானாம். சாகற மட்டும் அப்படித்தானாம். நீ ரோஷக்காரி. நாத்தம், அசிங்கம்னு மனசு ஒடஞ்சு சோறு திங்காமச் செத்துருவே. தங்கவேலு போன மாதிரி போயிருவே. நானும் பையனும் நாலு நாள் பேசித்தான் வேண்டாம்னு சொன்னோம். இருக்கற வரைக்கும் நீ நீயாவே இருக்கட்டும்னு."

பை. ஒரு பை. முப்பது வருஷமாக ஊர்க்காரர்களின் பொடியிலும் தவிட்டிலும் தலையோடு கால் முழுகிக் கிடப்பவளுக்கு ஒரு பை அசிங்கமா? இரண்டு நாள் அழுதிருப்பேன். யாராவது மூக்கைச் சுளித்தால் அவர்கள் ஏழு தலைமுறையை இழுத்து வைதிருப்பேன். அப்புறம் சேலைக்குள் செருகிக்கொண்டு மில்லைத் திறந்திருப்பேன். என் கோபத்தை முப்பது வருஷம் பார்த்த ஆளுக்கு அது செத்துப்போகிற கோபம் இல்லை, உயிரோடு இருக்கிற கோபம் என்று தெரியாமல் போய்விட்டதே!

"என்னய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லீங்க?" கத்தத்தான் நினைத்தேன், குரல் எழும்பவில்லை.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இவளுக்கு இதுகூடவா தெரியாது என்கிற பார்வை. மனசார, உண்மையாகவே சொன்னார்.

"கேட்டாத் தெரிஞ்சு போயிருமே, சுகுணா."

அவர் தேம்பித் தேம்பி அழுதார். நான்தான் முதுகைத் தடவிக் கொடுத்தேன். எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. ஆறு மாதம் இதை என்னிடம் மறைத்துத் தூக்கிக்கொண்டு உப்பில்லாத ரசத்தைக் குடித்திருக்கிறார், மடையர்.

அழுது முடித்து மூக்கைச் சிந்தியவர், "ஒரே ஒண்ணு. பிரணவுகிட்ட மட்டும் சொல்லீராதே" என்றார்.

பிரணவ் எங்கள் மகன். பெங்களூரில் இருக்கிறான். ஆடியிலிருந்து தினமும் கூப்பிடுகிறான், அதற்கு முன்னால் மாதம் ஒரு தடவை கூப்பிட்டாலே அதிசயம்.

"என்ன சொல்லக் கூடாது? அவனுக்குத்தான் எல்லாம் தெரியுமே?"

"உனக்குத் தெரிஞ்சு போச்சுங்கறது தெரிய வேண்டாம். தாங்க மாட்டான், கொழந்தை."

நான் அவர் சட்டைப் பையில் கையை விட்டுப் போனை எடுத்தேன். அவர் தடுக்கவில்லை, தடுக்கிற தெம்பு அவரிடம் இல்லை. மகன் உடனே எடுத்தான்.

"அப்பா? கூட்டம் முடிஞ்சுதா? ஜெயிச்சுட்டோமா?"

"நான்தான்டா, அம்மா."

"அம்மா! எப்படிம்மா இருக்கே? சாப்ட்டயா? கொரலு ஏன் ஒரு மாதிரி இருக்குது?" அந்தச் சர்க்கரைப் பேச்சு.

தெரிந்துவிட்டது என்று போட்டு உடைக்க வாய் துடித்தது. ஆனால் நான் அப்படிச் செய்யவில்லை. எனக்கு யாரும் செய்யாததை அவனுக்குச் செய்தேன். அவனைக் கேட்டேன்.

"பிரணவு, உன்கிட்ட ஒண்ணு பேசோணும். என்ற ஒடம்பப் பத்தி. கேட்டா மனசு சங்கடப்படும். ஆனா எனக்கு உன்கிட்டப் பேசியாகோணும், நாளு அதிகமில்ல. சொல்லட்டுமா கண்ணு? நீ கேக்கறயா?"

அந்தப் பக்கம் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. எங்கேயோ ஆபீஸ் கதவு ஒன்று சாத்துகிற சத்தம் கேட்டது. நான் காத்திருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பொறுமையாக நான் எதற்கும் காத்திருந்ததில்லை.

"வேண்டாம்மா" என்றான்.

"டேய்..."

"வேண்டாம்மா, ப்ளீஸ். நீ நல்லாத்தான் இருக்கே. நாளைக்குக் கூப்புடறேன்" என்று சொல்லிவிட்டு அவன் போனை வைத்துவிட்டான்.